ஏழு வருடம் கழித்து ஷரியா கோர்ட்டில் சொத்து கேட்டபோது

"விவாகரத்தாகி இத்தனை வருஷம் ஓடிப்போச்சு, இனிமே ஷரியா கோர்ட்டுல பங்கு கேக்க முடியுமா?"

என் சாச்சியின், அதாவது சித்தியின், வழக்கு முடிந்த பிறகு இங்கே மலேசியாவில் மஸ்ஜித் இந்தியாவிலிருந்தும் செந்தூலிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பெண்கள் எனக்கு ஃபோன் போட்டு முதலில் கேட்பது இதைத்தான். நான் வக்கீல் இல்லை. கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். சாச்சிக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. அதனால் மனு எழுதிய நாள் முதல் தீர்வு பதிவான நாள் வரை அவருடன் போய் வந்தவள் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: முடியும். கணவன் மனைவியாக இருந்த காலத்தில் சேர்த்த சொத்தில், அதாவது மலாயில் ஹர்த்தா செபெஞ்சாரியான் என்கிறார்களே அதில், இத்தனை வருடத்துக்குள் பங்கு கேட்டாக வேண்டும் என்று கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தின் 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டம் கெடு வைக்கவில்லை. சிவில் கோர்ட்டுக்கு 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தம், கடன் என்றால் 6 வருடம், நிலத்தை மீட்க 12 வருடம். ஷரியா கோர்ட்டில் அந்தக் கணக்கு செல்லாது.

இதைக் கேட்டதும் எதிர்முனையில் ஒரு பெருமூச்சு வரும். "அப்படின்னா அவசரமில்லையே, புள்ளைங்க படிப்பு முடியட்டும்" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சாச்சியும் அப்படித்தான் இருந்தார்.

சாச்சியும் சாச்சாவும் கல்யாணம் முடித்தபோது கையில் ஒன்றுமில்லை. இருவர் குடும்பமும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியுரிமை வாங்கியவை. முதலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கலாக ஒரு மூலை, பிறகு சொந்தமாக ஒரு கடை, பிறகு அந்தக் கடைக் கட்டடமே சொந்தம், அப்புறம் ஒரு தெரு வீடு. எல்லாம் சாச்சா பெயரில். விடிவதற்கு முன்பே எழுந்து கடைக்கு மசாலா அரைத்துக் கொடுத்தது சாச்சி. கோழிக்காரனுக்குப் பணம் எண்ணிக் கொடுத்தது சாச்சி. தெரு வீட்டுக்கு முன்பணம் கட்ட முடியாமல் திணறியபோது நகையை அடகு வைத்ததும் சாச்சி. சம்பளம் என்று ஒரு சென் அவர் வாங்கியதில்லை.

2011இல் ஒரு சண்டையில் வீட்டிலேயே தலாக் சொல்லிவிட்டார் சாச்சா. கோர்ட்டின் அனுமதி இல்லாமல் தலாக் சொல்வது இங்கே குற்றம். சொன்னவர் ஏழு நாளுக்குள் கோர்ட்டில் போய் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அவர் போனது சில மாதம் கழித்து. தலாக் எந்தத் தேதியில் ஆனது என்று கோர்ட் விசாரித்து உறுதி செய்தது. ஒரு சொத்து கல்யாண காலத்தில் வாங்கியதா, அதற்குப் பிறகா என்பதை அந்தத் தேதிதான் பிரிக்கும். அந்தத் தாளை மட்டும் சாச்சி பத்திரமாக வைத்திருந்தார். பின்னால் அது பெரிய உதவியாக இருந்தது.

ஆனால் தலாக் சொன்ன அன்றிரவே வீட்டைவிட்டு வந்துவிட்டார். "இனிமே அந்த வீட்டுல நீ இருக்கக் கூடாது" என்று மூத்தவர்கள் சொன்னார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அது சரியல்ல. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, தலாக் ஆன மனைவி வழக்கமாக வாழ்ந்த வீட்டில், கணவர் வேறு தகுந்த இடம் ஏற்பாடு செய்து தரும் வரை தங்கியிருக்கலாம் என்கிறது. இத்தா, அதாவது விவாகரத்துக்குப் பின் மனைவி காத்திருக்கும் காலம், முடிந்தால் அந்த உரிமையும் முடியும். குழந்தைகள் அவள் பராமரிப்பில் இருந்தால் அந்தப் பராமரிப்புக் காலம் வரை நீளும். மறுமணம் செய்துகொண்டால் போய்விடும். இது உண்மையிலேயே நாள் எண்ணி முடிகிற உரிமை. இதைத்தான் முதல் ராத்திரியே கைவிட்டுவிட்டு வருகிறார்கள் நம் பெண்கள். வீடு மட்டுமா போனது? கிராண்ட் என்கிற நிலப் பட்டாவின் நகல், வங்கிக் கடன் தாள், கடையின் பழைய பில் புத்தகங்கள், நகைக்கடை ரசீது, எல்லாம் அலமாரியில் இருந்தன. ஒரு பையில் நாலு சேலையுடன் சாச்சி வந்தார்.

அதற்குப் பிறகு ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் அவர் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசினார். சாச்சாவின் மூத்த அண்ணன் வீட்டுக்குப் போய்க் கேட்டார். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் "இந்த வருஷம் முடிச்சிருவோம்" என்று யாராவது வாக்குக் கொடுப்பார்கள். கேட்டுக்கொண்டே இருந்தோம் என்ற நினைப்பில் ஆறு வருடம் தாண்டிவிட்டது. அப்போது கடன் வழக்குகள் நடத்தும் தெரிந்தவர் ஒருவர், "ஆறு வருஷம் தாண்டினா வழக்கே நிக்காது" என்று சொல்லிவிட்டார். சிவில் கோர்ட்டின் கணக்கை அவர் ஷரியா கோர்ட்டுக்குப் போட்டுச் சொன்னார். சாச்சி அதை நம்பி இன்னும் ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் ஒரு ஷரியா லாயரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மலாய்க்காரப் பெண்மணி, பொறுமைசாலி. எங்கள் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னதை மனதில் பதித்து வைத்திருக்கிறேன். "மாச்சிக் (அம்மா), உங்க உரிமை சாகல. ஆனா அதைக் காட்டுற சாட்சியும் அது ஒட்டியிருக்கிற சொத்தும் ஒவ்வொண்ணா போயிட்டிருக்கு. இருக்கிறதை எண்ணிப் பார்ப்போம்."

உரிமை சாகாது என்பது அவர் ஆறுதலுக்குச் சொன்னதில்லை. அதற்குப் பின்னால் நீண்ட சட்ட வரலாறு உண்டு என்று பிறகு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசில் அஹ்மத் ஜெவ்தெத் பாஷா தலைமையில் தொகுத்த மஜல்லா என்ற சட்டத் தொகுப்பில் 1851 பிரிவுகள். ஹனஃபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்டப் பள்ளியின் அடிப்படையில் எழுதியது. நமக்கு அது வெகுதூரத்து விஷயமும் இல்லை, ஜொகூர் சுல்தானகம் 1913இல் அதை மலாயில் மஜல்லா அஹ்காம் ஜொகூர் என்று ஏற்றுக்கொண்டது. அந்தத் தொகுப்பின் 1660ஆம் பிரிவு, கடன், அமானிதம் (நம்பி ஒப்படைத்த பொருள்), சொந்தச் சொத்து, வாரிசுரிமை பற்றிய வழக்குகளை 15 வருடம் கழித்து விசாரணைக்கு எடுக்கக் கூடாது என்கிறது. வக்ஃபின், அதாவது அறக்கொடையின், மூலச் சொத்துக்காக அதன் நிர்வாகியான முத்தவல்லி தொடுக்கும் வழக்குக்கு 36 வருடம், அரசு நிலத்துக்கு 10 வருடம். அப்படியென்றால் கெடு இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் 1674ஆம் பிரிவைப் படித்தால் நிலைமை வேறு: காலம் கடந்ததால் உரிமை அழிந்துவிடாது. 15 வருடம் தாண்டிய பிறகும் எதிராளி கோர்ட்டில் நின்று "ஆமாம், நான் தர வேண்டியதுதான்" என்று ஒப்புக்கொண்டால் தீர்ப்புக் கொடுத்தே ஆக வேண்டும். ஆட்சியாளர் காஜியின் கையைத்தான் கட்டுகிறார். கொடுக்க வேண்டியவனின் கடமை அப்படியே அவன் கழுத்தில் கிடக்கிறது.

அதே தொகுப்பில் இன்னும் இரண்டு இடம் என்னை நிறுத்தியது. ஒன்று 1663. சிறுவர்கள், புத்தி சுவாதீனம் இல்லாதவர்கள், தூர தேசத்தில் இருப்பவர்கள், இவர்களுக்கு அந்தக் காலம் கணக்கில் ஓடாது. எதிராளி அடக்கியாளும் பலம் படைத்தவன் என்பதும் அங்கே ஒரு காரணமாக ஏற்கப்படுகிறது. பயத்தில் வாய் மூடியிருந்தவர்களை அந்த நாளிலேயே நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. மற்றது 1666. கோர்ட்டில் வழக்குப் போட்டால்தான் ஓடும் காலம் நிற்கும். கோர்ட்டுக்கு வெளியே எத்தனை முறை கேட்டாலும் நிற்காது. சாச்சி பெருநாள் தோறும் கேட்டது அத்தனையும் இந்த வகை. இன்றைய கோலாலம்பூர் கோர்ட்டில் 15 வருடம் என்ற கணக்கு இல்லை, உண்மை. ஆனால் வெளியே கேட்டது கேட்டதாகாது என்ற அறிவு எந்தக் காலத்துக்கும் பொருந்தும். பெரியவர்களை வைத்துப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மனுவைப் பதிவு செய்துவிட்டுப் பேசுங்கள்.

இனி எங்கள் வழக்கில் ஏழு வருடம் என்ன செய்தது என்று சொல்கிறேன்.

முதலில் கடைக் கட்டடம். தலாக் ஆன இரண்டாம் வருடமே சாச்சா அதைத் தன் தம்பி பெயருக்கு அன்பளிப்பாக மாற்றிவிட்டிருந்தார். எங்களுக்குத் தெரியவே தெரியாது. நில அலுவலகத்தில் பணம் கட்டித் தேடியபோதுதான் தெரிந்தது. அதே 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் 107ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மனைவியின் உரிமையைக் கெடுக்கும் நோக்கத்தில் சொத்தைக் கைமாற்றியிருந்தால் அந்த மாற்றத்தை ரத்து செய்யவும், மாற்றப் போவதைத் தடுக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. அருமையான பிரிவு. ஆனால் அதற்குள் ஒரு சின்ன வரி: முந்தைய மூன்று வருடத்துக்குள் நடந்த கைமாற்றம். எங்களுடையது ஐந்து வருடத்துக்கு முந்தையது. சாச்சி கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டியது அந்த மூன்று வருடத்துக்குள். வழக்குப் போட கெடு இல்லை என்று சொல்கிறவர்கள் யாரும் இந்த மூன்று வருடத்தைச் சொல்வதில்லை. நியாயமான விலை கொடுத்து, விஷயம் தெரியாமல் வாங்கிய மூன்றாம் ஆளிடமிருந்து இந்தப் பிரிவை வைத்துப் பிடுங்க முடியாது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

தெரு வீடு இன்னும் சாச்சா பெயரில்தான் இருந்தது. லாயர் முதல் வேலையாக அதன்மேல் கேவியட், அதாவது கைமாற்றத்தைத் தடுக்கும் பதிவு, போட வைத்தார். மனுவின் முழு வாசகம் தயாராவதற்கு முன்பே. தனியார் கேவியட் 6 வருடம்தான் நிற்கும், அதற்குப் பிறகு தானாக விழுந்துவிடும். வழக்கு இழுத்தால் அந்தத் தேதியையும் கவனிக்க வேண்டும் என்று என் நாட்குறிப்பில் எழுதச் சொன்னார்.

அடுத்தது காகிதம். கடையின் வங்கிக் கணக்கிலிருந்துதான் வீட்டுக் கடன் போயிற்று, அந்தக் கணக்கில் பணம் போட்டது சாச்சி, வங்கிச் சீட்டில் அவர் கையெழுத்து இருக்கும். வங்கியில் கேட்டோம். பழையது எங்களிடம் இல்லை என்றார்கள். கணக்கு எழுதுகிறவள் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பணச்சலவைத் தடுப்புச் சட்டம் வங்கிகளை 6 வருடம் ஆவணம் வைத்திருக்கச் சொல்கிறது. வருமான வரிச் சட்டம் வியாபாரிகளை 7 வருடம் வைத்திருக்கச் சொல்கிறது. அதற்குமேல் வைத்திருப்பது அவரவர் விருப்பம். உரிமைக்கு வயதாகாது என்று ஷரியா கோர்ட் சொன்னாலும், அந்த உரிமையைக் காட்டும் தாளுக்கு ஆறு ஏழு வருடத்தில் ஆயுள் முடிகிறது. விவாகரத்து என்ற பேச்சு வீட்டில் எழுந்த உடனேயே வங்கிக் கணக்கு அறிக்கைகளை எடுத்து, வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

சாட்சிகள் விஷயம் இன்னும் வேதனை. கடையில் இருபது வருடம் வேலை செய்த தலைமைச் சமையல்காரர் சாச்சியின் உழைப்பை நேரில் கண்டவர். அவர் ஊருக்குப் போய், அங்கே மவுத்தாகிவிட்டார். அவர் இருந்திருந்தால் சாச்சியின் பாதி வழக்கு அவர் வாயாலேயே முடிந்திருக்கும்.

அப்போது எங்களுக்குக் கைகொடுத்தவர் ஒரு சீனர், கோழி மொத்த வியாபாரி. "அந்த அம்மாதான் எனக்குப் பணம் கொடுப்பாங்க, அவங்க எண்ணினா ஒரு வெள்ளி தப்பாது" என்று சொல்லி, தன் பழைய நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்தார். முஸ்லிம் அல்லாதவர் ஷரியா கோர்ட்டில் சாட்சி சொல்ல முடியாது என்று எங்கள் குடும்பத்திலேயே பலர் நம்பினார்கள். 1997ஆம் ஆண்டின் ஷரியா சாட்சியச் சட்டம் ஷஹாதா என்ற சாட்சியத்தை முஸ்லிம்களுக்கே வைத்திருக்கிறது. ஆனால் பய்யினா, அதாவது உரிமையை நிலைநாட்டும் மற்ற ஆதாரத்தை, ஷரீஅத் ஏற்கும் இடங்களில் முஸ்லிம் அல்லாதவரும் தரலாம் என்கிறது. இதை விவரம் தெரியாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. உங்கள் கடைக்குச் சரக்குப் போட்டவர், பக்கத்து வீட்டுத் தமிழர், பிள்ளைகளின் ஆசிரியை, யாராக இருந்தாலும் லாயரிடம் சொல்லுங்கள். எடுப்பதா விடுவதா என்று அவர் பார்த்துக்கொள்வார்.

நகை அடகுச் சீட்டு ஒன்று மட்டும் சாச்சியின் தாயார் வீட்டுப் பெட்டியில் கிடைத்தது. மை மங்கியிருந்தாலும் தேதி தெரிந்தது. வீட்டுக்கு முன்பணம் கட்டியதற்கு மூன்று நாள் முந்தைய தேதி. லாயர் அதைப் பார்த்துவிட்டு, "இதுதான் உங்க வழக்கு" என்றார். காரணம், அதே குடும்பச் சட்டத்தின் 58ஆம் பிரிவு சொத்துகளை இரண்டு விதமாகப் பார்க்கிறது. இருவர் கூட்டு முயற்சியில் வந்த சொத்து என்றால், பணம், உழைப்பு, கடன், பிள்ளைகளின் தேவை எல்லாம் பார்த்து, சமமாகப் பிரிக்கும் பக்கம் கோர்ட் சாய வேண்டும். ஒருவர் மட்டும் சம்பாதித்தது என்றால், வீட்டையும் குடும்பத்தையும் கவனித்த மற்றவரின் பங்களிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஆனால் சம்பாதித்தவருக்குப் பெரிய பங்கு போகும். மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு என்று வந்த தீர்ப்புகள் பல. சாச்சியின் அடகுச் சீட்டு அவரை இரண்டாம் வகையிலிருந்து முதல் வகைக்குத் தூக்கிக்கொண்டு வந்தது.

எதிர்த்தரப்பு என்ன சொன்னது? அவர்கள் லாயரின் முதல் வாதமே தாமதம்தான். தலாக் சொல்ல அனுமதிக்கும்போது அல்லது விவாகரத்து ஆணை போடும்போது பிரித்துத் தரலாம் என்றுதானே 58ஆம் பிரிவு சொல்கிறது, அந்தச் சமயம் போய் ஏழு வருடம் ஆயிற்றே என்றார். இந்த வாதம் புதிதல்ல. விவாகரத்துக்கு வெகுகாலம் கழித்தும், கணவர் இறந்த பிறகும்கூட இந்த வகை மனுக்களை நம் ஷரியா கோர்ட்டுகள் விசாரித்துத் தீர்ப்புக் கொடுத்திருக்கின்றன. ஆகவே அது எடுபடாது என்று எங்கள் லாயர் தைரியமாக இருந்தார். அவர் கவலைப்பட்டது இரண்டாவது வாதத்துக்கு: "இத்தனை நாள் பேசாமல் இருந்தாரே, விட்டுக்கொடுத்துவிட்டார் என்றுதானே அர்த்தம்?"

மஜல்லாவின் 67ஆம் பிரிவு இந்த இடத்துக்கென்றே எழுதியது போல இருக்கிறது. பேசாதவன் பேசியதாக எதையும் அவன்மேல் ஏற்றக் கூடாது, ஆனால் பேச வேண்டிய இடத்தில் மௌனம் பேச்சாகும். முதல் பாதி பெண்களைக் காப்பாற்றும். இரண்டாம் பாதி அவர்களைக் கவிழ்க்கும். 1659ஆம் பிரிவு இன்னும் கடுமை. கணவன் ஒரு வீட்டைத் தன்னுடையது என்று விற்று ஒப்படைக்கும்போது மனைவி உடன் இருந்து, பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் பிறகு அது என்னுடையது என்றால் அந்த வழக்கே எடுக்கப்படாது. இன்று நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "சும்மா ஒரு கையெழுத்து" என்று நீட்டுவார்கள், போட்டுவிடுவோம். சொத்து கைமாறும் இடத்தில் மனைவி இருந்தால், சம்மதம் இல்லை என்றால் அங்கேயே சொல்ல வேண்டும். அங்கே வாய் வரவில்லை என்றால் அன்று மாலையே ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பி வையுங்கள். சாச்சி எங்கும் கையெழுத்துப் போடவில்லை. பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்ததற்கு இரண்டு பேர் சாட்சி சொல்லத் தயாராக இருந்தார்கள். வழக்கைத் தொடங்காத அந்தப் பேச்சுவார்த்தைகள், விட்டுக்கொடுக்கவில்லை என்று காட்ட உதவின.

வழக்கு முழு விசாரணைக்குப் போகவில்லை. சுல்ஹு என்கிற சமரசப் பேச்சு மேசையில் முடிந்தது. கோர்ட்டின் சுல்ஹு அதிகாரி முன்னால் இருவரும் நேரில் உட்கார வேண்டும், லாயர்கள் பொதுவாக உள்ளே வருவதில்லை. சாச்சிக்குக் கை நடுங்கியது. ஏழு வருடத்துக்குப் பிறகு ஒரே மேசையில். ஆனால் அதற்கு முந்தின வாரம் முழுக்க அவர் நான் எழுதிக் கொடுத்த ஒரு தாளை மனப்பாடம் செய்திருந்தார். எந்த வருடம் எந்தச் சொத்து, தன் பங்கு என்ன, எவ்வளவுக்குக் கீழே இறங்கமாட்டேன் என்று. சாச்சா முதலில் எல்லாவற்றையும் மறுத்தார். நிரூபிக்க வேண்டியது கேட்பவர், மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும் என்பது இந்தக் கோர்ட்டின் அடிப்படை. விசாரணைக்குப் போனால் அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்து மறுக்க வேண்டி வரலாம் என்று அதிகாரி எடுத்துச் சொன்னபோது அவர் முகம் மாறியதாகச் சாச்சி சொன்னார். அவர் கொடுமைக்காரர் இல்லை. சத்தியம் செய்து பொய் சொல்ல அவரால் முடியவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

தெரு வீட்டில் பாதி சாச்சிக்கு என்று ஒத்துக்கொண்டார். அந்தப் பாதியின் மதிப்பைத் தவணையில் தருவதாகவும், தவறினால் வீட்டை விற்றுப் பிரிப்பதாகவும் எழுதி, நீதிபதி முன் உத்தரவாகப் பதிவானது. கைமாறிய கடைக் கட்டடத்துக்கு ஒரு சிறு தொகை, சாச்சா மனமிரங்கிக் கொடுத்தது. விசாரணைக்குப் போய், தீர்ப்பு நமக்குப் பாதகமாக வந்திருந்தால் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய 14 நாள்தான். அதற்குள் லாயரை மாற்றுவது, பணம் புரட்டுவது எல்லாம் நடக்க வேண்டும். வழக்குப் போடத் தேதி இல்லாத அதே கோர்ட்டில், தீர்ப்பு வந்த பிறகு இரண்டே வாரம்.

ராமநாதபுரத்தில் சாச்சா கட்டிய வீட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். அதை நாங்கள் மனுவில் தொடவே இல்லை. இங்கே வாங்கிய உத்தரவைக் கொண்டுபோய் அங்கே பத்திரப்பதிவு அலுவலகத்தில் நீட்டிப் பயனில்லை. இந்தியாவில் முஸ்லிம் தனிச்சட்டத்தில் கணவன் மனைவி சேர்த்த சொத்து என்று ஒரு பிரிவினையும் கிடையாது. அங்கே நிலத் தகராறு சிவில் கோர்ட்டுக்குப் போகும், 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் அதற்குப் பொருந்தும். இங்கிருந்து சம்பாதித்து ஊரில் சொத்து வாங்குகிற குடும்பங்களில் மனைவி பெயரையும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு மாற்று வழி எனக்குத் தெரிந்து இல்லை.

விதவைகளுக்கு இது இன்னும் அவசரம். கணவர் இறந்தால் உடனே ஃபராயிட், அதாவது இஸ்லாமிய வாரிசுப் பங்கு, கணக்கு என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அவ்வளவுதான் என்று சாமர்த்தியமாக முடிக்கிறார்கள். ஆனால் கடன், வசிய்யத் என்ற உயில் இவற்றைப் போலவே மனைவியின் சேர்த்த சொத்துப் பங்கையும் முதலில் எடுத்துவிட்டு, மீதியைத்தான் ஃபராயிட்படி பிரிக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள், மகன் இல்லை. வீட்டுத் தவணையில் பெரும்பகுதி அவர் சம்பளத்தில் போனது, கிராண்டில் கணவர் பெயர் மட்டும். ஃபராயிட் மட்டும் பார்த்தால் அவருக்கு 1/8, பெண்களுக்கு 2/3, மிச்சம் 5/24 கணவரின் சகோதரர்களுக்கு. பாதி வீடு தன்னுடையது என்று முதலில் நிலைநாட்டினால், அந்தப் பாதியோடு மீதியில் எட்டில் ஒன்றும் சேர்ந்து அவருக்கு 9/16 வரும். சகோதரர்களின் பங்கும் பாதியாகக் குறையும். எட்டில் ஒன்றுக்கும் பதினாறில் ஒன்பதுக்கும் நடுவே அவர் தலைமேல் கூரை இருக்கிறது.

நில அலுவலகத்தில் பூசாக்கா, அதாவது இறந்தவரின் சொத்து, விசாரணை நடக்கும் அன்று எல்லா வாரிசுகளும் சம்மதித்தால் அங்கேயே இதைக் குறித்துக்கொள்வார்கள். ஒருவர் மறுத்தாலும் ஷரியா கோர்ட்டுக்குப் போய்த்தான் வர வேண்டும். அன்றைக்கு எதுவும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டு, வீடு பல பெயருக்குப் பிரிந்து, ஒருவர் தன் பங்கை விற்றும்விட்டால், பிறகு கெடு இல்லாத உரிமையை வைத்துக்கொண்டு யார் யாரைத் துரத்துவது? கே.டபிள்யூ.எஸ்.பி. என்ற ஊழியர் சேமநிதிப் பணத்திலும் இதே குழப்பம். முஸ்லிம் ஒருவர் பெயரிட்டு வைத்த வாரிசுதாரர் அந்தப் பணத்தைப் பெற்றுப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர்தான், சொந்தக்காரர் அல்ல என்று தேசிய ஃபத்வா மன்றம் 1973லேயே சொல்லியிருக்கிறது.

அந்த அக்கா விசாரணைக்கு முந்தின வாரம் என்னிடம் வந்தார். நல்ல வேளை. சம்மதிக்காமல் திரும்பி வந்து, இப்போது ஷரியா கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறார். மறுத்துப் பேச இறந்தவர் எழுந்து வர முடியாது என்பதால், ஆதாரம் காட்டிய பிறகும் இந்தப் பங்கைத் தான் வாங்கிவிடவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை என்று கேட்பவர் கூடுதலாக ஒரு சத்தியம் செய்ய வேண்டியிருக்கும், யமீன் இஸ்திஸ்ஹார் என்பார்கள். அதற்கு அவர் தயாராகத்தான் இருக்கிறார். அவருடைய சம்பள வங்கிக் கணக்கின் அறிக்கைகளை எடுத்தாயிற்று, ஒரு வருடத்து அறிக்கை மட்டும் பாக்கி. வங்கியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.